கொல்லைப்புறத் தளவேலை: ஒரே மூச்சிலா, கட்டம் கட்டமாகவா?

தோட்டவாசல்:
வீட்டுக்குப் பின்னால் 14 மீட்டர் அகலம், 11 மீட்டர் ஆழத்தில் வெறும் மண் தரை கிடக்கிறது. பின் மதில் பக்கம் மண் மேடு, வீட்டுப் பக்கம் பள்ளம். இரண்டுக்கும் 75 செ.மீ. வித்தியாசம். மண்ணில் களி அதிகம்.

செய்ய நினைப்பது: பின்கதவை ஒட்டி 8 மீட்டருக்கு 5 மீட்டர் பேவர் தளம் (மணல் மேல் அடுக்கும் தளக்கல்). வீட்டிலிருந்து 9 மீட்டர் தள்ளி, 10 மீட்டர் நீளத்துக்கு 75 செ.மீ. உயரத் தாங்குசுவர், அதன் நடுவில் ஐந்து படி. தளத்திலிருந்து படிவரை ஒரு நடைபாதை. தளத்தின் ஒரு பாதிக்கு மரப் பந்தல், ஓரத்தில் வெளி அடுப்பு மேடை, விளக்கு, ஒரு தண்ணீர்க் குழாய்.

இப்போது இருக்கும் பணம் ஏறக்குறைய பாதி வேலைக்குத்தான் வரும். மீதி ஒன்றிரண்டு வருடத்தில் சேரும். தினமும் புழங்கப்போவது தளம் என்பதால் அதை முதலில் முடித்துவிட்டு, சுவரையும் படியையும் பிறகு கட்டலாம் என்று நினைக்கிறேன். உள்ளே வர ஒரே வழி வீட்டின் பக்கவாட்டுச் சந்துதான், 1.1 மீட்டர். இப்படிப் பிரிப்பது சரியா? இல்லை, முழுப் பணமும் சேரும்வரை பொறுப்பதா?

கரணை:
பிரிக்கலாம். ஆனா நீங்க சொல்ற வரிசை தலைகீழ். தளத்தை முதல்ல போட்டா சுவருக்கான சாமான் எல்லாம் அந்தத் தளத்து மேலதான் போகணும், வேற வழியே இல்ல.

கணக்குப் பாருங்க. 10 மீட்டர் சுவருக்குக் கட்டைக் கல் சுமார் மூணரை டன், அடியில போடற ஜல்லி 2 டன், முதுகுப்பக்கம் நிரப்பற ஜல்லி மூணரை டன். மொத்தம் 9 டன். தள்ளுவண்டியில ஒரு நடைக்கு 130-150 கிலோ வெச்சாலும் 60-70 நடை. மேட்டை வெட்டி எடுக்கற மண்ணு அதுக்கு மேல. தள்ளுவண்டிச் சக்கரம் ஒரே தடத்துல போய்ப் போய் ஓரக் கல்லை அசைச்சிடும். சின்ன பொக்லைன் உள்ள வந்தா இன்னும் மோசம். ஒரு டன்னுக்கு மேல இருக்கற மெஷின் பேவர் மேல திரும்பினா கல் நகரும், மூலை உடையும். 18 மி.மீ. பிளைவுட் விரிச்சு ஓட்டலாம், அப்பவும் திரும்பற இடத்துல தளம் தப்பாது.

சந்து 1.1 மீட்டர்னு சொல்றீங்க, அது சுவருக்குச் சுவர் அளவா? மழைநீர்க் குழாய், ஏசி பெட்டி, மீட்டர் பெட்டி எல்லாம் விட்டுட்டு மிக ஒடுங்கின இடத்தை அளந்து சொல்லுங்க. ஒரு மீட்டருக்குள்ள ஒடுங்கற சின்ன மெஷின் இருக்கு. ஆனா 5 செ.மீ. குறைஞ்சாலும் முழுக்கக் கைவேலைதான்.

தூரத்துல இருக்கறதை முதல்ல முடிச்சுட்டு வாசலை நோக்கி வரணும். சந்து ஒண்ணே வழின்னா இதுல விலக்கே கிடையாது.

ரசமட்டம்:
சாமான் போகும் வழிக்கு முன் தண்ணீர் போகும் வழியைப் பார்க்க வேண்டும். உங்கள் கொல்லையின் உண்மையான பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. மேடு பின்னால், பள்ளம் வீட்டருகே என்றால் இன்று பெய்யும் மழை முழுவதும் வீட்டுச் சுவரை நோக்கித்தான் வருகிறது. தளம் போட்டால் அந்த ஓட்டம் இன்னும் வேகமாகும்.

தளத்துக்கு வாட்டம் வீட்டிலிருந்து வெளியே இருக்க வேண்டும், 60க்கு 1. ஐந்து மீட்டருக்கு 83 மி.மீ. இறக்கம். அதே நேரம் சுவர்ப் பக்கத்திலிருந்து வரும் தண்ணீரும் தளத்தின் வெளி விளிம்புக்கே வரும். ஆகவே அந்த விளிம்பில் ஒரு வடிகால் வரி கட்டாயம். அங்கிருந்து குழாய் சந்து வழியாக முன்பக்கம் போக வேண்டும்.

இப்போது ஆழத்தைக் கூட்டுங்கள். வீட்டுச் சுவரின் ஈரத்தடுப்புப் பட்டைக்கு (தரையீரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு) கீழே குறைந்தது 150 மி.மீ. விட்டுத்தான் தளத்தின் மேல்மட்டம் இருக்க வேண்டும். தளத்தின் வாட்டம் 83. வடிகால் தொடங்கும் இடத்தில் குழாயின் உள்ளடி, அதாவது தண்ணீர் ஓடும் உட்புற அடிமட்டம், தளத்துக்குக் கீழே 350. குழாய் ஓடும் தூரம், தளத்தை ஒட்டி 8 மீட்டரும் சந்தில் 12 மீட்டரும் என்று வைத்தால் 20 மீட்டர். 100 மி.மீ. குழாய்க்கு 100க்கு 1 வாட்டம் என்றால் 200 மி.மீ. இறங்கும். மொத்தம் 783 மி.மீ.

முன்பக்கத்தில் தண்ணீர் வெளியேறும் இடம் ஈரத்தடுப்புப் பட்டையிலிருந்து 783 மி.மீ.க்கும் கீழே இருக்கிறதா? இருந்தால் உங்கள் திட்டம் நிற்கும். இல்லையென்றால் வீட்டிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி உறிஞ்சு குழி வேண்டும். களிமண்ணில் அது மெதுவாகத்தான் இழுக்கும். அல்லது பம்ப் வைத்த தொட்டி. இந்த ஒரு அளவைத் தெரிந்துகொள்ளாமல் எதை முதலில் செய்வது என்று பேசுவதில் பயனில்லை. ஒளி ஊடுருவும் லெவல் டியூப் ஒன்றில் தண்ணீர் நிரப்பினால் போதும், இரண்டு பேர் அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம். டியூபுக்குள் காற்றுக் குமிழி நின்றால் அளவு பொய்யாகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜல்லிமேடு:
பணம் முழுவதும் சேரும்வரை பொறுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பிரிக்கும் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதுதான் கேள்வி. எல்லோரும் கொல்லையை நெடுக்கில் வெட்டுகிறார்கள்: இந்தப் பாதி இப்போது, அந்தப் பாதி பிறகு. அதைவிடக் கிடைமட்டமாக வெட்டுவது நல்லது. மண்ணுக்குள் போவது முழுவதும் முதல் கட்டம். மேலே தெரிவது அடுத்தடுத்த கட்டம்.

அதாவது தோண்டுதல், வடிகால், சுவர், பின்னால் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் நுழைக்க உறைக் குழாய்கள், பந்தலுக்கும் அடுப்பு மேடைக்கும் அடித்தளம், 40 சதுர மீட்டருக்கும் ஜல்லித் தளம், இவ்வளவும் இப்போது. ஜல்லிப் பரப்பின் மேலேயே ஒரு வருடம் புழங்கலாம். பேவர் அடுத்த வருடம். மெஷின் ஒரே முறை வருகிறது, மண்ணும் ஒரே முறை வெளியே போகிறது. பேவர் கட்டத்துக்குத் தேவைப்படுவது கல், மணல், சிறிய திமிசு (இடித்து இறுக்கும்) மெஷின் மட்டுமே.

அளவு சொல்கிறேன். தோண்ட வேண்டிய ஆழம் 235 மி.மீ.: ஜல்லி 150, மணல் 25, கல் 60. 40 சதுர மீட்டருக்கு 9.4 கன மீட்டர் மண். வெட்டிய மண் கால் பங்குக்கு மேல் உப்பும், கையில் 12 கன மீட்டர் வரும். எடை சுமார் 16 டன். ஜல்லி திமிசு போட்ட பிறகு 6 கன மீட்டர் வேண்டும், அதற்கு உதிரியாக ஏழரை கன மீட்டர் வாங்க வேண்டும், சுமார் 13 டன். வெளி ஓரங்களில் தளத்தைத் தாண்டி 200 மி.மீ. கூடுதலாக ஜல்லி நீள வேண்டும் என்பதால் அதற்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேவர் 60 மி.மீ. கனத்தில் சதுர மீட்டருக்கு 135 கிலோ, மொத்தம் 5.4 டன். எடையில் பெரும்பங்கு மண்ணுக்குள்தான் இருக்கிறது, கல்லில் இல்லை. அதனால்தான் அந்தப் பகுதியை இரண்டு முறை செய்யக் கூடாது என்கிறேன்.

கரணை:
ஜல்லிமேடு சொல்றதுல ஒரு இடம் இடிக்குது. ஜல்லியை ஒரு வருஷம் திறந்து போட்டா என்ன ஆகும்? மேல்பக்கம் சேறு ஏறும், இலை மக்கும், களை முளைக்கும். மழை நேரத்துல செருப்புல ஒட்டின களி எல்லாம் ஜல்லிக்குள்ள இறங்கும். அதுக்கு மேல மணல் விரிச்சுக் கல் போட்டா தண்ணி இறங்காம மணல் ஊறி நிக்கும். வண்டி போற இடமா இருந்தா கல் ஆட ஆரம்பிக்கும். இந்த வேலையை ஒரே சீசன்ல முடிக்கறதுதான் சுத்தம்.

ஜல்லிமேடு:
நியாயமான பயம். அதற்கு எந்த ஜல்லி என்பதில் பதில் இருக்கிறது. தூள் இல்லாத ஒரே அளவு ஜல்லியை, அதாவது தண்ணீர் உள்ளே இறங்கட்டும் என்று போடுகிற வகையை, திறந்து வைக்கவே கூடாது. சேறு நேராக இடைவெளிக்குள் போய் அடைத்துவிடும், பிறகு கழுவி எடுக்க முடியாது. 20 மி.மீ.க்குக் கீழ் எல்லா அளவும் தூளும் சரியான விகிதத்தில் கலந்த ஜல்லி, 75 மி.மீ. கனத்தில் இரண்டு அடுக்காகத் திமிசு போடப்பட்டிருந்தால், மேல் 20-30 மி.மீ. மட்டுமே அழுக்காகும். அதைச் சுரண்டி எடுத்து, புது ஜல்லி போட்டு, நனைத்து, மறுபடி ஒரு முறை திமிசு.

திமிசு சரியாக ஏறாததற்கு முக்கால்வாசி காரணம் ஈரப்பதம். கையில் எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது. காய்ந்த ஜல்லியில் எத்தனை முறை ஓட்டினாலும் மேலே மட்டும் இறுகும். 150 மி.மீ.யையும் ஒரே அடுக்காகக் கொட்டி 90 கிலோ மெஷினை ஓட்டினாலும் இதே கதைதான், கீழ்ப்பாதி உதிரியாகவே கிடக்கும்.

உங்கள் மண் களி என்பதால் மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவில் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) அவசியம், ஒன்றின் மேல் ஒன்று 300 மி.மீ. ஏறும்படி. தோண்டிய அடிமட்டம் காலால் மிதித்தால் அமுங்குகிறது என்றால் ஜல்லியை 200 மி.மீ. ஆக்குங்கள். அந்த 50 மி.மீ.க்கும் சேர்த்துத் தோண்ட வேண்டும்.

திறந்து வைப்பதில் ஒரு லாபமும் உண்டு. புதிதாகக் கட்டிய வீடாக இருந்தால் அஸ்திவாரத்தை ஒட்டி நிரப்பிய மண் ஒன்றிரண்டு மழைக்காலம்வரை இறங்கிக்கொண்டே இருக்கும். ஜல்லியில் பள்ளம் விழுந்தால் இன்னும் கொஞ்சம் கொட்டிச் சரிசெய்யலாம். பேவர் போட்ட பிறகு விழுந்தால் கல்லைப் பிரிக்க வேண்டும். பள்ளத்தை மணலால் நிரப்பி மட்டம் பார்ப்பவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். மணல் எல்லா இடத்திலும் 25 மி.மீ.தான். ஜல்லியின் மட்டம் 10 மி.மீ.க்குள் சரியாக இருந்தால் மட்டுமே இது நடக்கும்.

கரணை:
தூள் கலந்த ஜல்லின்னா ஒத்துக்கறேன். ஆனா ஒரு வருஷத்துக்கு மேல இழுக்காதீங்க. கதவு வாசப்படியையும் யோசிங்க: கல்லும் மணலும் வராத வரைக்கும் தரை 85 மி.மீ. தாழ்வா இருக்கும். கதவுலேர்ந்து இறங்கற இடத்துல தற்காலிகமா ஒரு பலகைப் படி வேணும், இல்லேன்னா இருட்டுல யாராவது விழுவாங்க.

தூக்குக்குண்டு:
சுவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தாங்குசுவரைக் கட்டம் கட்டமாகக் கட்டக் கூடாது. உயரத்திலும் கூடாது, நீளத்திலும் கூடாது. இப்போது 75 செ.மீ. கட்டி, பிறகு தேவைப்பட்டால் இரண்டு வரிசை ஏற்றிக்கொள்ளலாம் என்ற யோசனை அடிக்கடி வருகிறது. மண் தள்ளும் விசை உயரத்தின் வர்க்கமாக ஏறும், சுவரைக் கவிழ்க்கும் திருப்பம் உயரத்தின் மும்மடியாக ஏறும். 75 செ.மீ. ஒரு மீட்டரானால் விசை 1.78 மடங்கு, திருப்பம் 2.37 மடங்கு. அடியும் முதுகும் 75 செ.மீ.க்குக் கணக்கிட்டதாக இருந்தால் மேலே வைக்கும் இரண்டு வரிசை சுவரையே முன்னால் சாய்க்கும். கடைசியில் என்ன உயரம் வேண்டுமோ அதற்கு இன்றே அடித்தளம் போடுங்கள். மேல்தளத்தில் பிற்காலத்தில் கொட்டகையோ தண்ணீர்த் தொட்டியோ வரும் என்றால் அந்தச் சுமையையும் இன்றே சேருங்கள். ஒரு மீட்டர், 1.2 மீட்டரைத் தாண்டும் சுவருக்குப் பல இடங்களில் பொறியாளர் கணக்கும் அனுமதியும் கேட்பார்கள். சுமை மேலே இருந்தால் அதற்குக் குறைவான உயரத்துக்கும் பொறியாளரிடம் காட்டுவது நல்லது.

நீளத்தில் பாதி கட்டி நிறுத்தினால் நுனியில் மண் பிதுங்கி வெளியே வரும். நுனியை மேட்டுக்குள் திருப்பிச் செருகி முடிக்க வேண்டியிருக்கும். அடுத்த கட்டத்தில் அதையே இடித்துத் தொடர வேண்டும்.

கட்டும் முறை: 600 மி.மீ. அகலம், 300 மி.மீ. ஆழத்தில் வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டி, அடியில் 150 மி.மீ. ஜல்லி திமிசு போட்டு, முதல் வரிசைக் கல் முழுவதும் மண்ணுக்குள் இறங்க வேண்டும். அந்த முதல் வரிசையின் மட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. அங்கே 3 மி.மீ. தவறினால் மேல் வரிசைகளில் அது திறந்த இடுக்காகத் தெரியும். சுவரின் முதுகில் 300 மி.மீ. அகலத்துக்குத் தூளில்லாத 20 மி.மீ. ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் இடையே துணி, அடியில் துளையிட்ட 100 மி.மீ. குழாய். துளை கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். மேலே கடைசி 150-200 மி.மீ. களிமண்ணால் மூடினால் மேல்தண்ணீர் ஜல்லிக்குள் நேராக இறங்காது. சுவர் சாய்வதற்குப் பெரும்பாலும் காரணம் கல் அல்ல, முதுகில் தேங்கும் தண்ணீர். இந்தக் குழாய் ரசமட்டம் சொன்ன வடிகாலில் சேர வேண்டும். அதனால் வடிகாலும் சுவரும் ஒரே கட்டம்.

தோட்டவாசல்:
எல்லோருக்கும் நன்றி. லெவல் டியூப் வைத்து அளந்தாயிற்று. முன்பக்க வடிகால் வாய், ஈரத்தடுப்புப் பட்டையிலிருந்து 860 மி.மீ. கீழே இருக்கிறது. சந்தின் மிக ஒடுங்கிய இடம் 1.02 மீட்டர்.

இரண்டு கேள்வி. பந்தல், விளக்கு, குழாய் எல்லாம் மூன்றாம் கட்டம் என்றால் இப்போதே எதை உள்ளே விட வேண்டும்? படியைச் சுவரோடு சேர்த்துக் கட்டினால் நடைபாதை பிறகு வரும்போது உயரம் மாறாதா?

ரசமட்டம்:
860இல் 783 போனால் 77 மி.மீ. மிச்சம். போதும், ஆனால் தாராளம் இல்லை. குழாய் ஓடும் பாதையில் வேறு எதுவும் குறுக்கே வந்தால் மேலே தூக்க இடமில்லை. வெட்டுவதற்கு முன் ஏற்கெனவே மண்ணுக்குள் இருக்கும் கழிவுநீர், மின், தண்ணீர் இணைப்புகள் எங்கே போகின்றன என்று கண்டுபிடித்துக் குறியுங்கள். வேலையைக் கடைசி வாயிலிருந்து தொடங்கி மேல்நோக்கிக் கொண்டுவாருங்கள். மேலிருந்து தொடங்கினால் பிழை எல்லாம் வாயருகே வந்து சேரும், அங்கே திருத்த முடியாது. சந்து திரும்பும் மூலையில் ஒரு வண்டல் தொட்டி வையுங்கள், குழாய் வாய்க்குக் கீழே 200 மி.மீ. ஆழம் கூடுதலாக. தளம் முடிந்த பிறகு அடைப்பு எடுக்க வேறு இடம் கிடையாது.

உறைக் குழாய்கள்: தளத்துக்குக் குறுக்கே 110 மி.மீ. பிவிசி இரண்டு. ஒன்று மின்சாரத்துக்கு, ஒன்று தண்ணீருக்கு, இடையில் 300 மி.மீ. தள்ளி. தளத்தின் மேல்மட்டத்திலிருந்து 500 மி.மீ. ஆழம். இரு பக்கமும் தள விளிம்பைத் தாண்டி 300 மி.மீ. நீள வேண்டும். விளிம்போடு நிறுத்தினால் பிறகு ஓரக்கட்டை உடைத்துத்தான் வாயைத் தேட வேண்டிவரும். உள்ளே நைலான் கயிறு விட்டு மூடியால் அடையுங்கள். வளைவு வேண்டுமென்றால் நீள வளைவு, 90 பாகை எல்போ வேண்டாம், கம்பி இழுக்க வராது. நடைபாதைக்கு அடியிலும் ஒன்று விடுங்கள். இப்போது அதற்கு உபயோகம் தெரியாவிட்டாலும் விடுங்கள்.

மூடும் முன் அளவுநாடாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு முனைக்கும் வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்தும் தூரத்தை அளந்து எழுதுங்கள். ஒரு மூலையிலிருந்து மட்டும் அளந்தால் அது ஒரு வட்டத்தைத்தான் காட்டும், இடத்தைக் காட்டாது.

தூக்குக்குண்டு:
படி: முடிந்த நடைபாதை மட்டத்திலிருந்து மேல்தளம்வரை 750 மி.மீ., ஐந்து படிக்கு 150 வீதம். மிதிபலகை 350. எல்லா உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும், கால் அந்த ஒழுங்கை நம்பித்தான் இறங்குகிறது. நடைபாதை ஜல்லி நிலையில் இருக்கும்போது முதல் படி 235 ஆகும். அதைப் பார்த்து முதல் படியைத் தாழ்த்திக் கட்டிவிட்டால், கல் வந்த பிறகு அது 65 ஆகிவிடும், எல்லோரும் தடுக்குவார்கள். முடிந்த மட்டத்தைச் சுவரில் ஆணியடித்து நூல் கட்டி வைத்துக்கொண்டு அதிலிருந்து அளந்து கட்டுங்கள். இடைக்காலத்துக்கு முதல் படிக்கு முன்னால் 85 மி.மீ. ஜல்லியைக் கூட்டிச் சரிவாகத் திமிசு போட்டால் போதும்.

கரணை:
பந்தல் கால் அடித்தளத்தை ஜல்லி போடறதுக்கு முன்னாடியே ஊத்திடுங்க. 400க்கு 400, ஆழம் 600. குளிர்ல நிலம் உறையற இடமா இருந்தா உறையற ஆழத்துக்கும் கீழ போகணும். கான்கிரீட்டோட தலை ஜல்லி மட்டத்தோட நிக்கணும், அதாவது முடிஞ்ச தளத்துக்கு 85 மி.மீ. கீழ. போல்ட் இப்ப வேண்டாம், நீட்டிக்கிட்டு நிக்கும். பந்தல் வரும்போது நாலு கல்லை எடுத்துட்டு, துளை போட்டு எபாக்ஸி ஆங்கர் (பசையில பதிக்கற போல்ட்) வெச்சா போதும். தளம் போட்டு முடிச்சப்புறம் பக்கத்துல 600 ஆழம் தோண்டினா சுத்தியிருக்கற ஜல்லி சரிஞ்சு உள்ள விழும், சுத்துவட்டாரக் கல் எல்லாம் இறங்கும்.

அடுப்பு மேடையும் இதே. எடை அதிகம், மணல் மேல கட்டக் கூடாது. 100 மி.மீ. கான்கிரீட் பலகை இப்பவே, நல்லா திமிசு போட்ட ஜல்லி மேல.

அடித்தளக் கான்கிரீட்டைச் சுத்தி மெஷின் போகாது. கைத் திமிசால 75 மி.மீ. அடுக்கா இடிக்கணும். இதை விட்டா ஒவ்வொரு காலைச் சுத்தியும் வளையம் மாதிரி பள்ளம் விழும்.

வெயில்முற்றம்:
இடையில் ஒரு கேள்வி. பேவருக்குப் பதில் கான்கிரீட் தளமே ஊற்றினால் கட்டம் பிரிப்பது எளிதாகாதா? இப்போது பாதி, பிறகு பாதி.

கரணை:
எளிது மாதிரி தெரியும். கான்கிரீட்ல பிரிக்கற கோடு எங்க வரணும்னு நீங்க முடிவு பண்ண முடியாது, மூட்டுதான் முடிவு பண்ணும். 100 மி.மீ. கனத்துக்கு இரண்டரைலேர்ந்து 3 மீட்டருக்கு ஒரு மூட்டு வேணும். 8க்கு 5 தளம்னா மூணுக்கு ரெண்டா ஆறு கட்டம், ஒவ்வொண்ணும் 2.67க்கு 2.5. நிறுத்தறதா இருந்தா இந்தக் கோட்டுல மட்டும் நிறுத்துங்க.

நிறுத்தற முகத்துல 12 மி.மீ. வழவழப்பான கம்பி, 400 மி.மீ. நீளம், 300 மி.மீ.க்கு ஒண்ணு, கனத்தோட நடுவுல, பாதி வெளிய நீட்டி வைக்கணும். அடுத்த தடவை ஊத்தும்போது நீட்டின பாதிக்கு கிரீஸ் தடவணும். பழைய பலகை சுருங்கி முடிஞ்சிருக்கும், புதுசு அப்பதான் சுருங்கும். கம்பி வழுக்கினாதான் மூட்டுல பிரியும், இல்லேன்னா பலகை நடுவுல விரிசல் விடும். கம்பி எல்லாம் ஒண்ணுக்கொண்ணு நேரா இருக்கணும், ஒண்ணு கோணினாலும் பூட்டிக்கும். இடையில வருஷக்கணக்கா நீட்டிக்கிட்டு இருக்கற கம்பி துரு பிடிக்காம குழாய் மாட்டி மூடணும். குத்திக் காயம் படாம இருக்கவும் அது வேணும்.

மூட்டு அறுக்கறது ஊத்தின அன்னிக்கே, வெயிலைப் பொறுத்து 6-12 மணி நேரத்துல, கால்பங்கு ஆழம். வீட்டுச் சுவரோட ஒட்டாம 10-12 மி.மீ. ஃபோம் பட்டை. தண்ணி விடறது குறைஞ்சது 7 நாள்.

இவ்வளவு பண்ணியும் ரெண்டு தடவை ஊத்தினதோட நிறம் ஒண்ணா வராது. அதைவிட முக்கியம், உறைக் குழாய் ஒண்ணு மறந்துபோச்சுன்னா பேவரைப் பிரிக்கலாம், கான்கிரீட்டை உடைக்கணும். கட்டம் கட்டமா செய்யறவங்களுக்கு மறதி வரும். அதனால பேவர்தான் ஏத்தது.

தோட்டவாசல்:
ஜல்லி முழுவதும் இப்போது, பேவர் பிறகு என்பது புரிகிறது. ஒருவேளை கதவை ஒட்டிய பாதிக்கு மட்டும், 4 மீட்டருக்கு 5 மீட்டர், இப்போதே பேவர் போட்டால்? பிறகு சேர்க்கும்போது ஒட்டு தெரியுமா?

ஜல்லிமேடு:
ஜல்லி முழுப்பரப்புக்கும் ஒரே நேரத்தில் போடப்பட்டிருந்தால் ஒட்டு கண்ணுக்கு மட்டும்தான் பிரச்சினை. ஜல்லியே பாதி பாதியாகப் போடப்பட்டிருந்தால் அது கட்டுமானப் பிரச்சினை. பழையது இறுகியிருக்கும், புதியது இறங்கும், ஒட்டில் படி போல விழும். அந்த நிலை வந்தே தீரும் என்றால் பழைய ஜல்லியைத் தற்காலிக ஓரத்தைத் தாண்டி 300 மி.மீ. நீட்டி வையுங்கள். சேர்க்கும்போது அதன் முகத்தைச் செங்குத்தாக விடாமல், ஒவ்வொரு அடுக்கும் 300 மி.மீ. பின்னால் தள்ளிப் படிக்கட்டுபோல வெட்டிப் புதிய ஜல்லியை அதன் மேல் ஏற்றுங்கள்.

உங்கள் விஷயத்தில் ஒட்டு 5 மீட்டர் நீளம். அங்கே சிமென்ட் போட்டு ஓரக்கட்டு கட்டாதீர்கள், உடைக்கும்போது ஜல்லியும் சேர்ந்து வரும். பிளாஸ்டிக் ஓரப்பட்டை, 250 மி.மீ. ஆணி, 600 மி.மீ.க்கு ஒன்று. பிடுங்க எளிது. இணைக்கும் நாளில் ஓரத்தின் கடைசி இரண்டு வரிசையைக் கழற்றி, மணலைப் புதிதாக விரித்து, புதுக் கல்லோடு சேர்த்து மறுபடி அடுக்குங்கள். அந்த இரண்டு வரிசையும் எப்படியும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். திமிசு ஓட்டும்போது பிடிப்பில்லாத முனைக்கு ஒரு மீட்டர் முன்னாலேயே மெஷினை நிறுத்திவிடுங்கள்.

நிறம்: ஒரே பெயர், ஒரே அச்சு என்றாலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு சாயல் மாறும். வெயில் பட்ட கல் வெளுக்கும். இதை மறைக்க முயல்வதைவிட ஒட்டில் வேறு நிறத்தில் ஒரு வரிசைக் கல்லைக் குறுக்காக வைப்பது நல்லது. கண் அதைக் கரை என்று எடுத்துக்கொள்ளும், இரு பக்கமும் இருக்கும் சிறு வித்தியாசம் தெரியாது. அடுக்கும்போது எப்போதும் மூன்று பேலட்டிலிருந்தாவது மாற்றி மாற்றி எடுங்கள்.

கரணை:
மொத்தக் கல்லையும் இப்பவே வாங்கி வெச்சுடலாமே. அந்த மாடலே நின்னுபோச்சுன்னா கறுப்பு வரிசை வெச்சும் பிரயோஜனம் இல்ல.

ஜல்லிமேடு:
வாங்கி வைப்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இரண்டரை டன்னுக்கு மேல் கல் ஒரு வருடம் இதே கொல்லையில் கிடந்தால் வேலை நடக்கும் இடத்தை அடைக்கும். பிளாஸ்டிக் சுற்றிய கட்டுக்குள் ஈரம் நின்று வெள்ளை உப்பு பூக்கும், அடுக்கில் வெளியே இருக்கும் கல் மட்டும் வெளுக்கும். வாங்கித்தான் வைப்பது என்றால் சுற்றிய தாளைக் கிழித்து, மேலே மட்டும் மூடி, திமிசு போட்ட ஜல்லி மேல் வையுங்கள். பணமும் முதல் கட்டத்தில் மண்ணுக்குள் போக வேண்டிய வேலையிலிருந்து எடுக்கப்படுகிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. வடிகாலைச் சிறிதாக்கிக் கல் வாங்குவது சரியான பேரம் இல்லை.

வேர்நிழல்:
யாரும் மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ மரம் இருந்தால், தண்டின் விட்டத்தை 12ஆல் பெருக்குங்கள். தண்டு 20 செ.மீ. என்றால் 2.4 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் தோண்டலோ திமிசோ மண் குவிப்போ வேண்டாம். தாங்குசுவருக்கான வானம் அந்த வட்டத்துக்குள் வந்தால் சுவரை நகர்த்துவது பற்றி இப்போதே யோசியுங்கள். அறுந்த வேரின் விளைவு உடனே தெரியாது, இரண்டு மூன்று வருடம் கழித்துக் கிளை காயும்போதுதான் தெரியும்.

தளத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் 4 மீட்டர் பட்டைதான் எல்லாக் கட்டத்திலும் சாமான் போகும் வழி. அங்கே இப்போது செடி வைக்காதீர்கள். மேல்மண்ணை 150 மி.மீ. தனியாக எடுத்துத் தனிக் குவியலாக வையுங்கள், கீழ்க்களியோடு கலந்தால் வீண். எல்லாம் முடிந்த பிறகு 300 மி.மீ. ஆழத்துக்குக் கிளறிவிட்டு அந்த மேல்மண்ணைத் திரும்ப விரியுங்கள். கிளறாமல் நட்டால் இறுகிய களியில் தண்ணீர் தொட்டிபோல் நின்று வேர் அழுகும்.

தோட்டவாசல்:
மதிலோரம் 15 செ.மீ. தண்டுள்ள மரம் ஒன்று இருக்கிறது, தாங்குசுவரிலிருந்து 1.5 மீட்டரில். 1.8 மீட்டர் ஆர வட்டம் என்றால் சுவரை அந்த முனையில் 30 செ.மீ.யும், வானத்தின் முதுகுப்பக்க வெட்டுக்காக இன்னொரு 60 செ.மீ.யும் முன்னால் கொண்டுவருகிறேன்.

வரிசையை இப்படி மாற்றியிருக்கிறேன். முதல் கட்டம்: முன்வாயிலிருந்து வடிகால், சுவர், படி, பந்தலுக்கும் அடுப்புக்கும் அடித்தளம், உறைக் குழாய்கள், தளத்துக்கும் நடைபாதைக்கும் ஜல்லி. இரண்டாம் கட்டம், அடுத்த வருடம்: தளம் முழுவதும் பேவர், நடைபாதை. மூன்றாவது: பந்தல், மேடை, விளக்கு, கடைசியாகச் செடி. கதவருகே பாதி பேவர் யோசனையை விட்டுவிட்டேன். பணம் முதல் கட்டத்துக்குக் கொஞ்சம் பற்றாது போலத் தெரிகிறது. எதைக் குறைக்கலாம்?

ரசமட்டம்:
நடைபாதையின் ஜல்லியைத் தள்ளிப்போடலாம், உறைக் குழாயை மட்டும் விட்டுவிட்டு. அது தனித் துண்டு, தளத்தோடு ஒட்டும் இடம் ஒரு மீட்டர் அகலம்தான். வண்டல் தொட்டியையும் குழாயின் அளவையும் குறைக்காதீர்கள்.

தூக்குக்குண்டு:
சுவரின் மேல் மூடுகல்லை இப்போது விடலாம். அதைப் பசையால் ஒட்டுவதுதான் வழக்கம், அடுத்த வருடம் ஒட்டினாலும் சுவரின் பலத்தில் மாற்றம் இல்லை. கல்லில் நடுத்துளை உள்ள வகையாக இருந்தால் மேல் துளைகளை ஜல்லியால் நிரப்பித் துணியால் மூடி வையுங்கள், மண் இறங்காமல் இருக்கும். படி இருக்கும் இடத்துக்கு மட்டும் மூடுகல் வைத்துவிடுங்கள், கால் படும் இடம்.

கரணை:
அடுப்பு மேடைக் கான்கிரீட் பலகையையும் தள்ளலாம், அந்த இடத்துல ஜல்லியை மட்டும் 150க்குப் பதிலா 200 போட்டுத் திமிசு ஏத்தி வெச்சுக்கிட்டா. பேவர் கட்டத்துக்கு முன்னாடி ஊத்திக்கலாம். பந்தல் அடித்தளத்தைத் தள்ளாதீங்க. இன்னொண்ணு: மண்ணை வெளியேத்தற 16 டன்ல ஒரு பகுதியைச் சுவருக்குப் பின்னாடி மேல்தளம் நிரப்ப வெச்சுக்கலாம். முதுகுல ஜல்லிக்குப் பின்னாடி, 150 மி.மீ. அடுக்கா, ஒவ்வொரு அடுக்கும் இடிச்சு. சுவரை ஒட்டி ஒரு மீட்டருக்குள்ள கனமான மெஷின் வேண்டாம், கைத் திமிசு மட்டும். எவ்வளவு மண் தேவைன்னு சுவர்க் கோடு நகர்ந்தப்புறம் மறுபடி கணக்குப் போட்டுட்டு, மீதிக்கு மட்டும் வண்டி சொல்லுங்க.